நிலவு இருக்கும் இடத்தில் வியாழன் இருந்தால்

2003 ஆகஸ்ட் 27 அன்று செவ்வாய் பூமிக்குச் சுமார் 5.6 கோடி கிலோமீட்டர் வரை நெருங்கி வந்தது. ஏறத்தாழ 60,000 ஆண்டுகளில் அவ்வளவு நெருக்கம் அதுவே முதல்முறை. அந்தச் சமயத்தில் மின்னஞ்சல்களில் ஒரு செய்தி சுற்றியது. 75 மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கியில் பார்த்தால், வெறுங்கண்ணுக்கு முழுநிலவு தெரியும் அளவுக்குச் செவ்வாய் தெரியும் என்பதுதான் செய்தி. கணக்கு சரி. ஆனால் கைமாறிக் கைமாறிப் போனதில் தொலைநோக்கி எங்கோ விடுபட்டுவிட்டது. 'செவ்வாய் நிலவளவு தெரியும், வானத்தில் இரண்டு நிலவு' என்பது மட்டும் மிஞ்சியது. இன்றைக்கும் ஆகஸ்ட் மாதம் வந்தால் அந்தப் புரளி எங்காவது தலைகாட்டுகிறது.

அதை நம்பியவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேறொரு கோளை முழு வட்டமாக, அதன் நிறத்தோடு, வெறுங்கண்ணால் பார்க்க வேண்டும் என்ற ஆசை யாருக்குத்தான் இல்லை? நமக்குக் கிடைத்திருப்பதோ வெறும் ஒளிப்புள்ளிகள். மிக அருகே வரும் வெள்ளிகூட நிலவைப்போல் நூறு மடங்கு தொலைவில்தான் நிற்கிறது. நிலவை எடுத்துவிட்டு அதே இடத்தில் ஒவ்வொரு கோளாக வைத்துக் காட்டும் படங்களும் காணொளிகளும் இணையத்தில் இவ்வளவு பிரபலமாக இருப்பது அதனால்தான். அந்தப் படங்களில் கோள்களின் அளவு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அது எளிய கணக்கு. கோட்டைவிடுவது வேறு இரண்டில்: வெளிச்சத்திலும் ஈர்ப்பிலும். அவற்றையும் கணக்கில் சேர்த்தால் கிடைக்கிற வானம், படங்களில் இருப்பதைவிட வினோதமானது.

முதலில் அளவைப் பார்த்துவிடலாம். நிலவின் சராசரித் தொலைவு 3,84,400 கி.மீ., விட்டம் 3,474 கி.மீ. இந்த இரண்டையும் சேர்த்தால் வானத்தில் அதன் அகலம் அரை டிகிரி. கையை முழுதாக நீட்டிச் சுண்டுவிரலை நிமிர்த்தினால், விரலின் அகலம் சுமார் ஒரு டிகிரி. அதாவது பாதிச் சுண்டுவிரல் போதும், முழுநிலவு மறைந்துவிடும். சொன்னால் பலரும் நம்புவதில்லை. அடிவானத்தில் எழும்போது பெரிதாகத் தோன்றும் நிலவையே நாம் மனதில் வைத்திருக்கிறோம். அது நம் மூளை செய்யும் வேலை, நிலவின் அளவு அங்கே மாறுவதில்லை. அதே நீட்டிய கையில் கட்டைவிரலின் அகலம் 2 டிகிரி, மூடிய கைமுட்டி 10 டிகிரி. விரல்களை நன்றாக விரித்தால் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை 20 டிகிரிக்குச் சற்று மேல். இந்த அளவுகளை வைத்தே எல்லாக் கோள்களையும் அளந்துவிடலாம்.

புதன் நிலவைவிட நாற்பது சதவீதம் அகலமாகத் தெரியும். அதுவும் குழிகள் நிறைந்த சாம்பல்நிறப் பாறைதான் என்பதால், மாற்றி வைத்தது தெரியாமலே சிலர் கடந்துபோகக்கூடும்.

செவ்வாய் அப்படியல்ல. ஒரு சுண்டுவிரல் அகலத்துக்கு, நிலவைப்போல் இரண்டு மடங்கு விட்டத்தில், துருநிறத்தில் நிற்கும். நிலவின் தொலைவில் ஏறத்தாழ 110 கிலோமீட்டருக்கு மேற்பட்டவற்றை நல்ல கண்கள் பிரித்தறியும். அந்தக் கண்களுக்குத் துருவத்தின் வெண்பனி தெரியும், பருவம் மாற மாற அது சுருங்குவதும் விரிவதும் தெரியும். 4,000 கி.மீ. நீளமுள்ள வேலஸ் மரினெரிஸ் பள்ளத்தாக்கு நடுவில் ஒரு கீறலாகத் தெரியும், ஏறக்குறைய நிலவின் அகலத்துக்கு நீளமாக. 2018இல் நடந்ததுபோல் புழுதிப்புயல் கோள் முழுவதையும் மூடினால், அந்தக் கீறலும் கரும்பட்டைகளும் வாரக்கணக்கில் மறைந்து, வெறும் மங்கலான ஆரஞ்சு வட்டம் மட்டும் எஞ்சும். வெறுங்கண்ணால் இன்னொரு உலகத்தின் வானிலையைப் பார்ப்பது என்றால் அதுதான்.

வெள்ளியின் கதை வேறு. பார்ப்பதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. கந்தக அமில மேகங்கள் கோளை முழுவதுமாக மூடியிருப்பதால், லேசான மஞ்சள் கலந்த வெள்ளை வட்டம், அவ்வளவுதான். மேகங்களில் உள்ள கோலங்கள் புற ஊதாக் கதிரில்தான் தெளிவாகத் தெரிகின்றன. அகலம் 1.8 டிகிரி, கிட்டத்தட்ட ஒரு கட்டைவிரல். நிலவிலிருந்து பூமியைப் பார்த்தாலும் ஏறக்குறைய இதே அளவுதான். அப்பல்லோ 8இல் நிலவைச் சுற்றிவந்த ஜிம் லவல், கட்டைவிரலை உயர்த்திப் பூமியையே மறைக்க முடிந்ததைச் சொல்லியிருக்கிறார்.

ஆனால் வெள்ளி தரும் வெளிச்சம்! நிலவு நமக்குப் பளிச்சென்று தெரிந்தாலும், உண்மையில் அதன் தரை பழைய தார்ச்சாலை அளவுக்குக் கறுப்பு. தன்மேல் விழும் ஒளியில் எட்டில் ஒரு பங்கைத்தான் திருப்பி அனுப்புகிறது. வெள்ளியின் மேகங்கள் ஏறக்குறைய ஆறு மடங்கு அதிகமாகத் திருப்பி அனுப்புகின்றன. பரப்பும் பன்னிரண்டு மடங்கு. பெருக்கிப் பார்த்தால், முழுவெள்ளி எழுபது முழுநிலவுகளுக்குச் சமம். நள்ளிரவில் வெட்டவெளியில் உட்கார்ந்து புத்தகம் படிக்கலாம். மங்கலான விண்மீன்களை மறந்துவிட வேண்டியதுதான்.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கோளை அருகே கொண்டுவந்தால் அது கண்ணைக் கூசவைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஆகாது. தொலைவைப் பாதியாக்கினால் நமக்கு வரும் ஒளி நான்கு மடங்காகிறது. அதேசமயம் வானத்தில் அந்தக் கோள் பிடிக்கும் பரப்பும் நான்கு மடங்காகிறது. எனவே ஒவ்வொரு சிறு துண்டின் பிரகாசமும் அப்படியே இருக்கும், மொத்த வெளிச்சம் மட்டும் கூடும். ஒரு துண்டு எவ்வளவு பிரகாசம் என்பதைத் தீர்மானிப்பவை இரண்டு: அந்தக் கோள் எவ்வளவு வெண்மை, சூரியனிலிருந்து எவ்வளவு தூரம். நமக்கும் அதற்கும் உள்ள தூரம் இதில் வராது.

அதனால்தான் வியாழனுக்கு வரும்போது கேள்வியையே சரிசெய்ய வேண்டியிருக்கிறது. வியாழனை நம்மிடம் கொண்டுவருகிறோமா, அல்லது நாம் வியாழனிடம் போகிறோமா? படங்கள் இதைச் சொல்வதே இல்லை. இரண்டுக்கும் மலையளவு வித்தியாசம்.

அளவு இரண்டிலும் ஒன்றுதான். வியாழனின் நடுக்கோட்டு விட்டம் சுமார் 1,43,000 கி.மீ. நிலவின் தொலைவில் அது 21 டிகிரி. விரித்த கை முழுவதும். நாற்பது நிலவுகளை வரிசையாக அடுக்கிய அகலம், பரப்பில் 1,700 நிலவு. (எல்லாக் கோள்களையும் வரிசையாக வைத்தால் பூமிக்கும் நிலவுக்கும் இடையே அடங்கிவிடும் என்றொரு தகவல் அடிக்கடி பகிரப்படுகிறது. சராசரி விட்டங்களைக் கூட்டினால் சுமார் 3,80,000 கி.மீ. வருகிறது. ஆனால் 3,84,400 என்பது மையத்திலிருந்து மையத்துக்கு உள்ள தூரம். பூமி, நிலவு இரண்டின் ஆரங்களையும் கழித்துவிட்டால் சராசரித் தொலைவில் இடம் பற்றாது, நிலவு தன் பாதையில் மிகத் தள்ளியிருக்கும் நாட்களில் மட்டும் பற்றும்.)

நாம் வியாழனிடம் போனால் என்ன தெரியும் என்று சொல்ல அதிகம் ஊகிக்கத் தேவையில்லை. அந்த இடத்தில் ஏற்கெனவே ஒரு துணைக்கோள் இருக்கிறது. ஐயோ (Io) என்ற அந்தத் துணைக்கோள் வியாழனை 4,22,000 கி.மீ. தொலைவில் சுற்றுகிறது. கிட்டத்தட்ட நம் நிலவின் தொலைவு. அங்கே சூரியஒளி இங்கிருப்பதில் 27இல் ஒரு பங்கு. எனவே வியாழனின் மேகங்கள் ஒவ்வொரு துண்டாகப் பார்த்தால் நிலவைவிட மங்கல்தான். ஆனால் அவ்வளவு பெரிய பரப்பு என்பதால், மொத்தமாகச் சேர்ந்து இருநூற்றைம்பது முழுநிலவுகளுக்கு மேல் ஒளி தரும். மென்மையான, கண்ணை உறுத்தாத வெளிச்சம். பட்டைகளும் சுழல்களும் தெளிவாகத் தெரியும். அங்கே சுழலும் மாபெரும் புயலான பெருஞ்செம்புள்ளி மட்டுமே ஐந்தாறு நிலவு அகலம் இருக்கும். வியாழன் பத்து மணி நேரத்துக்குள் தன்னைத்தானே ஒருமுறை சுற்றிவிடுவதால், அந்தப் புள்ளி நகர்வதைக் கண்ணாலேயே கவனிக்கலாம். நடுப்பகுதியில் இருக்கும்போது ஐந்து நிமிடத்துக்கு ஒரு நிலவு அகலம் தாண்டிவிடும்.

சரி, வியாழனை இங்கே கொண்டுவந்தால்? அதே மேகங்கள் என்றால் ஏழாயிரம் முழுநிலவுகளுக்கு மேல் வெளிச்சம் வரும். மழைமேகம் மூடிய பகல் போன்ற இரவு. ஆனால் அதே மேகங்கள் இருக்கப்போவதில்லை. இப்போது நாம் பார்க்கும் வெளிர்நிறப் பட்டைகள் உறைந்த அம்மோனியாவால் ஆனவை. இவ்வளவு வெயிலில் அவை தாங்காது. சூரியனிலிருந்து பூமியின் தொலைவில் ஒரு வாயுப் பெருங்கோள் இருந்தால், அதன்மேல் நீர்மேகங்கள்தான் படியும் என்று கணிக்கிறார்கள். அப்படியானால் படங்களில் வரும் காவியும் பழுப்புமான வியாழன் நம் வானத்தில் இருக்காது. அந்த இடத்தில் வெள்ளைவெளேர் என்று வேறொன்று நிற்கும்.

ஈர்ப்பு இன்னும் பெரிய விஷயம். வியாழனின் நிறை பூமியைப்போல் 318 மடங்கு. அவ்வளவு அருகில் இருந்தால் வியாழன் நம்மைச் சுற்றாது, நாம்தான் அதைச் சுற்றுவோம், 37 மணி நேரத்துக்கு ஒருமுறை. நொடிப்பொழுதில் பூமி பிய்ந்து சிதறும் என்று சிலர் எழுதுகிறார்கள். அது நடக்காது. பூமி அடர்த்தியான கோள். வியாழன் அதை உடைக்க வேண்டுமானால் 1,10,000 கிலோமீட்டருக்குள் போயிருக்க வேண்டும். ஆனால் உடையாவிட்டாலும் நிம்மதி கிடையாது. கடலை ஏற்றி இறக்கும் ஓதவிசை, இழுக்கும் பொருளின் நிறையோடு கூடும், தொலைவின் மும்மடிக்குக் குறையும் (தொலைவு இரண்டு மடங்கானால் விசை எட்டில் ஒரு பங்கு). தொலைவை மாற்றாமல் நிறையை மட்டும் மாற்றுவதால், நிலவின் விசையைவிட வியாழனின் விசை 25,000 மடங்குக்கு மேல். கடல் மட்டுமல்ல, பாறையும் ஏறி இறங்கும். அப்படிப் பிசையப்படும் பாறை சூடாகும். ஐயோவுக்கு இதுதான் நேர்ந்திருக்கிறது. அதன் உட்பகுதி உருகியிருக்கலாம் என்று பீல், காசன், ரெனால்ட்ஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1979 மார்ச்சில் கணித்து வெளியிட்டார்கள். அதே மாதம் வாயேஜர் 1 விண்கலம் எடுத்த படத்தில் எரிமலைப் புகை ஐயோவின் விளிம்பிலிருந்து பீறிடுவதை, அந்தப் பயணக் குழுவின் பொறியாளர் லிண்டா மொராபிட்டோ கண்டார். இப்போது அங்கே நானூறுக்கும் மேற்பட்ட எரிமலைகள் தெரிந்திருக்கின்றன. வானியலில் கணிப்பும் காட்சியும் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்திய தருணங்கள் குறைவு. எனக்கு மிகவும் பிடித்த கதைகளில் ஒன்று அது.

காலப்போக்கில் இந்த இழுவை பூமியின் சுழற்சியை அடக்கி, எப்போதும் ஒரே பக்கம் வியாழனைப் பார்க்கும்படி செய்துவிடும். நம் நிலவு இன்று நமக்கு ஒரே முகத்தைக் காட்டுவதும் இப்படித்தான். அப்புறம் பூமியில் பாதிப்பேருக்கு வியாழன் தெரியவே தெரியாது. மறுபாதியில் அது எழுவதும் இல்லை, மறைவதும் இல்லை. ஒரே இடத்தில் நின்றபடி தேய்ந்து வளரும். அது நேர் உச்சியில் நிற்கும் ஊரில் இருப்பவரை நினைத்துப் பாருங்கள். ஒரு நாள் என்பது 37 மணி நேரம். நள்ளிரவில் வியாழன் முழுவட்டமாக ஒளிரும், அதுதான் இரவிலேயே வெளிச்சமான நேரம். விடிய விடிய அது தேயும். நண்பகலில் சூரியன் வியாழனுக்குப் பின்னால் போய்விடும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருட்டு. நட்டநடுப் பகலில் விண்மீன்கள் தெரியும். இது எப்போதாவது வரும் கிரகணம் அல்ல. நம் பாதை வியாழனின் சுற்றுத்தளத்தை ஒட்டி இருந்தால் ஒவ்வொரு நாளும் இப்படித்தான். போதாததற்கு, வியாழனின் காந்தப்புலத்தில் சிக்கிய துகள்களின் கதிர்வீச்சும் உண்டு. ஐயோவின் தரையில் பாதுகாப்பின்றி நின்றால் ஒரே நாளில் உயிர்போகும் அளவு அது. நம் காற்றுமண்டலம் அதில் பெரும்பகுதியைத் தடுக்கும் என்றாலும், துருவஒளி எந்த இரவிலும் ஓயாது.

சனியைத்தான் எல்லோரும் கேட்பார்கள், வளையங்களுக்காக. கோள் மட்டும் 18 டிகிரி. பிரகாசமான வளையங்களையும் சேர்த்தால் 39 டிகிரி, நான்கு கைமுட்டிகளை வரிசையாக வைத்த அகலம். கடலுக்குமேல் பாதி வானத்தை அடைத்துக்கொண்டு வளையங்கள் விரிந்து நிற்கும் படத்தை எல்லோரும் பார்த்திருப்போம். அந்தக் கோணம்தான் இடிக்கிறது. சனியைச் சுற்றும் பெரும்பாலான பெரிய துணைக்கோள்கள் வளையங்களின் தளத்திலேயே சுற்றுகின்றன. டையோனி சனியிலிருந்து 3,77,000 கி.மீ. தொலைவில் இருக்கிறது, நமக்கும் நிலவுக்கும் உள்ள அதே தூரம் என்றே சொல்லலாம். 2004 முதல் 2017 வரை சனியைச் சுற்றிய கசீனி விண்கலம், டையோனியோடு சேர்த்துச் சனியைப் படமெடுத்தபோது வளையங்கள் ஒரு மெல்லிய கோடாகத்தான் விழுந்தன. வளையங்களின் அகலம் லட்சக்கணக்கான கிலோமீட்டரில் என்றால், தடிமன் பெரும்பாலான இடங்களில் சில பத்து மீட்டர்தான். பக்கவாட்டில் பார்த்தால் காணாமலே போய்விடும். 1612இல் கலிலியோவைத் திகைக்கவைத்ததும் 2025 மார்ச்சில் மறுபடி நடந்ததும் இதுதான்.

எனவே சனியைச் சுற்றும் பூமியிலிருந்து பார்த்தால், வளையங்களைவிட அவற்றின் நிழல்தான் கண்ணைக் கவரும். பொன்னிற மேகங்கள்மீது கரிய வரிகளாக விழும் அந்த நிழல், பருவத்துக்குப் பருவம் அகலமாகி, இடம்மாறிக்கொண்டே இருக்கும். வளையங்களை விரிந்த கோலத்தில் காண வேண்டுமானால், சனியின் இன்னொரு துணைக்கோளான ஐயாபிடஸ் போலச் சாய்ந்த பாதை வேண்டும். ஆனால் அது 35 லட்சம் கி.மீ. தள்ளி இருக்கிறது. இன்னொரு விஷயம்: டையோனியின் இடத்தில் நின்றால் நாம் ஏற்கெனவே ஒரு வளையத்துக்குள் இருப்போம். என்செலடஸ் என்ற துணைக்கோளிலிருந்து பீறிடும் பனித்தூள் பரவி உண்டான, 'ஈ' (E) எனப் பெயரிட்ட மங்கலான வளையம் அந்தத் தொலைவையும் தாண்டி விரிந்திருக்கிறது. சனியையே இங்கே கொண்டுவரலாம் என்றால் வளையங்கள் நிலைக்காது. அவை முக்காலே மூணுவீசம் நீர்ப்பனி. வால்வெள்ளிகளின் பனி ஆவியாகி வாலாக நீள்வது பூமியின் தொலைவுக்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது. அதே வெயில் வளையங்களையும் தின்றுவிடும்.

யுரேனஸும் நெப்டியூனும் ஏழரை டிகிரி சுமார், நிலவைப்போல் பதினான்கு பதினைந்து மடங்கு அகலம். நெப்டியூனை அடர்நீலத்தில் எதிர்பார்க்கிறவர்கள் ஏமாறுவார்கள். வாயேஜர் 2 எடுத்த 1989ஆம் ஆண்டுப் படங்களில் மேகங்கள் தெளிவாகத் தெரிவதற்காக நிறத்தைக் கூட்டியிருந்தார்கள். 2024இல் வெளியான மறுஆய்வின்படி இரண்டுமே வெளிர் பசுநீலம்தான், நெப்டியூனில் நீலம் ஒரு மாத்திரை கூடுதல்.

பகலில் இவையெல்லாம் எப்படித் தெரியும் என்பதிலும் படங்கள் தவறிவிடுகின்றன. நீலவானத்தில் பிறைவடிவக் கோள், அதன் நிழல்பகுதி கன்னங்கரேல் என்று. இது நடக்கவே நடக்காது. பகல்நிலவைக் கவனித்துப் பாருங்கள். அதன் இருண்ட பகுதி கறுப்பாக இருக்காது, சுற்றியுள்ள வானத்தின் அதே நீலம்தான். வானத்தின் நீலம் நிலவுக்கு அப்பால் இல்லை, நமக்கும் நிலவுக்கும் நடுவே உள்ள காற்றில் இருக்கிறது. எதன்மீதும் அந்த நீலம் கூடுதலாகச் சேருமே தவிர, பகல்வானத்தைவிட இருட்டாக விண்வெளியில் எதுவும் தெரிய முடியாது. எனவே பகலில் வியாழனின் பிறை நீலத்தில் வெளிர்வெள்ளையாகத் தொங்கும், மீதிப்பகுதி வானத்தோடு கலந்துவிடும். இவ்வளவு பெரிய பொருள் அங்கே இருக்கிறது என்பதையே பாதி மறைத்துவிடும்.

சிறிய கோள்களிடமும் ஈர்ப்பின் கணக்கு சும்மா விடாது. வெள்ளியின் நிறை பூமியில் ஐந்தில் நான்கு பங்கு. அதனால் யார் யாரைச் சுற்றுகிறார்கள் என்ற கேள்வியே எழாது. இரண்டும் நடுவிலுள்ள ஒரு புள்ளியை இருபது நாளுக்கு ஒருமுறை சுற்றிவரும். ஓதவிசை இப்போதிருப்பதைப்போல் 66 மடங்கு. நிலவால் திறந்த கடல் அரை மீட்டர் அளவுக்கு உயர்கிறது என்றால், வெள்ளியால் முப்பது மீட்டருக்கு மேல். கடலோரம் என்று நிலையாக எதுவும் இருக்காது. நிலவு சின்னதாக, இருண்டதாக இருப்பதற்கு நாம் பட்டிருக்கும் கடன் கொஞ்சநஞ்சமல்ல.

இப்படியொரு வானம் உண்மையிலேயே இருக்கும் இடம் ஒன்று தெரிந்திருக்கிறது. கும்ப விண்மீன்குழுவின் திசையில் சுமார் 40 ஒளியாண்டு தொலைவில் டிராப்பிஸ்ட்-1 என்ற சிறிய சிவப்பு விண்மீன். வியாழனைவிடக் கொஞ்சம்தான் பெரியது. அதை ஏழு கோள்கள் சுற்றுகின்றன என்று 2017 பிப்ரவரியில் அறிவித்தார்கள். ஏழுமே அளவில் ஏறத்தாழ பூமி போன்றவை. கடைசிக் கோளின் பாதைகூட விண்மீனிலிருந்து ஒரு கோடி கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. நம் புதனே 5.8 கோடி கி.மீ. தள்ளி இருக்கிறது. முதல் கோளான பியிலிருந்து பார்த்தால், அடுத்த கோளான சி நெருங்கும்போது 1.3 டிகிரி அகலத்தில், நம் நிலவைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் பெரிதாகத் தெரியும். வெளிப்பக்கக் கோள் என்பதால் மிக அருகில் வரும் நேரத்தில் அது முழுவட்டமாகவும் இருக்கும். மற்ற கோள்களிலிருந்து பார்த்தால், அவற்றுக்கு உள்பக்கக் கோள்கள் நெருங்க நெருங்கப் பிறையாக மெலியும்.

இவ்வளவு நெருக்கத்தில் ஏழு கோள்கள் ஒன்றையொன்று இழுத்துக் குலைக்காமல் இருப்பது எப்படி? அவற்றின் சுற்றுக்காலங்கள் எளிய விகிதங்களில் பூட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்று எட்டுமுறை சுற்றும்போது அடுத்தது ஐந்துமுறை என்பதுபோல, சங்கிலியாக. இழுவை இருக்கிறது, ஆனால் அது ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வருவதால் அமைப்பு நிலைத்திருக்கிறது. அந்த இழுவையால் சுற்றுநேரங்கள் நிமிடக்கணக்கில் முன்பின்னாவதை அளந்துதான் அவற்றின் நிறையையே கண்டுபிடித்தார்கள். பி கோளுக்குக் காற்றுமண்டலம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை என்றும், சி கோளில் அடர்ந்த கரியமில வாயு இல்லை என்றும் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் 2023ஆம் ஆண்டு ஆய்வுகள் காட்டின. காற்று இல்லாத தரையில் நீலவானம் குறுக்கே வராது. அங்கே மட்டும் கரிய வானில் கரிய நிழல்பகுதியோடு பகலிலும் கோள்கள் தெரியும்.